வயதில் மூத்த மாணாக்கர்: வண. சேவியர் தனிநாயகம் அடிகளார்

ஒருவரை முதன்முறை காணும்போது அவருடைய வயதை உள்ளத்தால் மதிப்பிட்ட பின்னரே அவரோடு உரையாடத் தொடங்குவது எம்மவர் வழக்கம். எதிரே நிற்பவர் தம்பியோ, அண்ணரோ, ஐயாவோ என்பது தெளிந்தாலன்றி யாழ்ப்பாணத்தார் வாயிலே முதற்சொல் பிறப்பது அரிது. தீவகத்தார் வாயிலே அது பின்னும் அரிது. இம்மதிப்பீடு சிலவேளை பிழைத்துப்போவதும் உண்டு. கந்தோர்களிலே மெலிந்த உடலும் கறுத்த தலைமயிரும் வாய்த்த ஒருவரை, அவரினும் ஐந்தாறு வயது குறைந்த உடன் அலுவலர் தம்பி என்றழைத்துக் கோப்புக்களைத் தூக்கிவரப் பணிப்பதும், உண்மை வெளிப்பட்ட பின்னர் நாணித் தலைகுனிவதும் நாம் பலகாலும் கண்ட காட்சிகளே. இவ்வாறு இளையவராக எண்ணப்பட்டவருள் சிலர் உள்ளூர மகிழ்வர். சிலர் தமக்குரிய மதிப்புக் குறைந்ததென வருந்துவர்.

தோற்றத்தால் வரும் இம்மயக்கம் சிறிது. நிலையினால் வரும் மயக்கம் ஒன்று உண்டு, அது பெரிது. ஒரு துறையிலே காலந்தாழ்த்துப் புகுந்தவர், தம்மினும் பத்தாண்டு இளையவரோடு ஒரே வாங்கில் அமர நேரிடும். அவர் பெற்ற பட்டத்தின் ஆண்டையும் ஏற்ற பதவியின் ஆண்டையும் கொண்டு வயதைக் கணிப்போர் அவரை இளையவராகவே கொள்வர். இளையோருக்குரிய இடமும் இளையோருக்குரிய பணிவுமே அவருக்கு விதிக்கப்படும். இதற்கு அஞ்சியே எம்மவருட் பலர் முப்பது வயதோடு புத்தகத்தை மூடிவிடுகின்றனர். அறியாதவராய் இருப்பதைப் பொறுத்துக்கொள்ளும் நெஞ்சம், இளையவர் பக்கத்தில் அமர்வதைப் பொறுத்துக்கொள்வதில்லை. எத்துணைக் கதவுகள் இவ்வச்சத்தால் அடைபட்டன என்பதை எவர் கணக்கிட வல்லார்?

இவ்வச்சத்தை முற்றும் துறந்தவர் ஒருவர் எமது தீவகத்து மண்ணிலே தோன்றினார். பழைய மாணவராகிய நாம் எமது கல்லூரியின் நிறைவு விழாவைக் கொண்டாடும் இவ்வேளையில், மீண்டும் மாணவராதற்கு ஒருபோதும் நாணாத அப்பெரியாரின் வரலாற்றை நினைவுகூர்தல் பொருத்தமென எண்ணினோம். அவரே வண. சேவியர் தனிநாயகம் அடிகளார். அவர் கத்தோலிக்கத் துறவி. எமது கல்லூரியோ சைவச் சூழலில் மலர்ந்தது. ஆயினும் தமிழ் என்னும் முற்றத்திலே இவ்வேறுபாட்டை அவரும் பாராட்டியதில்லை. அவரைப் போற்றிய சைவப் பெரியாரும் பாராட்டியதில்லை.

அடிகளார் 1913ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 2ஆம் நாள் ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னிலே பிறந்தார். தந்தையார் ஹென்றி ஸ்தனிஸ்லாஸ் கணபதிப்பிள்ளை நெடுந்தீவு மரபினர். தாயார் பெயர் இராசம்மா. ஊர்காவற்றுறை பாய்க்கப்பல்களின் காலத்திலே தமிழகக் கரையோடு இடையறாத வாணிகத் தொடர்பு பூண்டிருந்த துறைமுகம். அதன் எதிரே, காரைநகருக்கும் அதற்கும் இடைப்பட்ட கடலிலே, ஒல்லாந்தர் வலுப்படுத்திய கடற்கோட்டை இன்றும் நிற்கின்றது. தந்தை வழி ஊராகிய நெடுந்தீவோ பனைமரமும் முருகைக்கல் வேலியும் உடைய தனித்த நிலம். எமது தீவுகளுள் கடலுள் மிகத் தள்ளிக் கிடப்பது. ஒருபுறம் கப்பல்கள் வந்துபோகும் துறை, மற்றொருபுறம் உலகை விட்டு ஒதுங்கிய தீவு. இவ்விரண்டின் இயல்பும் அடிகளாரிடத்தில் ஒருங்கே அமைந்திருந்தன என்று கூறின் மிகையாகாது. உலகமெங்கும் சென்றார், எங்குச் சென்றும் தம் வேரை மறந்திலர்.

தொடக்கக் கல்வியை ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும், பின்னர் யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியிலும் பெற்றார். துறவு வாழ்வை விரும்பிக் கொழும்பு புனித பேர்நாட்டு குருமடத்திற் சேர்ந்தார். 1934இல் உரோமாபுரிக்குச் சென்று ஊர்பன் பல்கலைக்கழகத்திலே மெய்யியலும் இறையியலும் கற்றார். 1938இல் அங்கேயே குருப்பட்டம் பெற்றார். ஆபிரிக்கக் கரையிலே விளங்கிய பழைய கார்த்தேஜ் நகரத்துத் திருச்சபைக் குருமாரைப் பற்றி, புனித சிப்பிரியான் காலத்தை எல்லையாகக் கொண்டு, ஆய்வுநூல் எழுதிக் கலாநிதிப் பட்டமும் எய்தினார். இலத்தீனும் இத்தாலியமும் பிரெஞ்சும் முதலிய மொழிகள் அவருக்கு வசமாயின. உலகத்தின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர் வந்து கூடிய அவ்விடத்திலே, தமிழ் மாணவரை ஒன்றுசேர்த்து வீரமாமுனிவர் பெயராற் கழகம் ஒன்றும் நிறுவினார்.

இவ்வளவும் எய்தியபொழுது அவருக்கு வயது 26. ஒரு குருவானவர்க்கு இதற்குமேல் வேண்டுவது யாது? உயர்ந்த பட்டம், பல மொழிப் பயிற்சி, ஐரோப்பிய வாழ்வின் அனுபவம் யாவும் கைகூடின. எனினும் அவர் உள்ளத்திலே ஒரு குறை நின்று உறுத்தியது. தாம் பிறந்த மொழியின் இலக்கியத்தைத் தாம் முறையாகக் கற்றிலர். அக்காலத்து ஆங்கிலக் கல்லூரிகளிலே தமிழ் பின்வாங்கிலே இருத்தப்பட்டிருந்தது. வெர்ஜிலின் காவியத்தை ஓதத் தெரிந்த யாழ்ப்பாணத்து இளைஞர் பலர், குறுந்தொகையின் பெயரைக் கேட்டறியாதவராய் இருந்தனர். இது தனி ஒருவர் குற்றமன்று; கல்வி முறையின் குற்றம். அக்குற்றத்தை அறிந்தோர் பலர். அதைத் தம் வாழ்விலே திருத்திக்கொள்ள முற்பட்டோர் சிலரே.

உரோமையினின்று திரும்பிய அடிகளார் தமிழகத்துத் தூத்துக்குடி மேற்றிராசனத்தைச் சார்ந்து தொண்டாற்றலானார். 1940இல் திருநெல்வேலிச் சீமையின் தென்கோடியிலுள்ள வடக்கன்குளத்திலே, புனித தெரேசா உயர்நிலைப்பள்ளியின் துணைத்தலைமையாசிரியராக அமர்ந்தார். அவருடைய வாழ்விலே திருப்பம் நேர்ந்தது உரோமையிலன்று, இச்சிற்றூரிலேயாம். அப்பள்ளிச் சூழலிலே பண்டிதர் குருசாமி சுப்பிரமணிய ஐயரிடம் அவர் தமிழ் இலக்கண இலக்கியங்களைப் பாடங்கேட்கத் தொடங்கினார்.

இதன் பெருமையை அக்காலத்துப் பள்ளிகளின் நிலையறிந்தோரே உணர்வர். துணைத்தலைமையாசிரியர் அதிகாரம் உடையவர், ஆங்கிலம் வல்லவர், மேனாட்டுப் பட்டம் பெற்றவர். தமிழ்ப் பண்டிதரோ அக்காலத்துப் பள்ளிகளிலே சம்பளத்தாலும் மதிப்பாலும் கடையராக வைக்கப்பட்டவர். மேலிருப்பவர் கீழிறங்கிவந்து பண்டிதர் முன் ஏட்டை விரித்து அமர்வதென்பது எளிதான செயலன்று. அலுவலாற் பெரியவர், கல்வியால் இளையவராக வேண்டியிருந்தது. பள்ளிப் பதிவேட்டிலே ஆசிரியர் வரிசையில் முன்னிற்பவர், தமிழ் என்னும் வகுப்பிலே முதற்பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அடிகளார் இதனை இழிவாகக் கருதவில்லை. குரு என்பவர் வயதாலோ வருவாயாலோ அமைபவரல்லர் என்னும் பழைய தமிழ் நெறி அவருக்கு இயல்பாகவே கைவந்தது. ஐயர் வைதிக மரபினர், மாணாக்கர் கத்தோலிக்கத் துறவி என்பதும் அக்கல்விக்கு இடையூறாகவில்லை.

இவ்வளவோடு நின்றிருந்தாலும் எவரும் குறைகூறார். தனிமையிலே பண்டிதர் ஒருவரிடம் கற்றல் நாணத்துக்கு இடந்தராது, நான்குபேர் அறியார். ஆனால் 1945இல் அடிகளார் அடுத்த அடியை எடுத்துவைத்தார். சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ் மாணவராகச் சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது 32.

இங்கேதான் நாம் தொடக்கத்திற் கூறிய மயக்கம் முழுவடிவு கொள்கிறது. அவரோடு கற்றவர்கள் பெரும்பாலும் இருபதைத் தாண்டிய இளைஞர். அவர்கள் கல்லூரி வாழ்வைத் தொடங்கும் நிலையினர். அவரோ கலாநிதிப் பட்டத்தை முன்னரே பெற்றுப் பள்ளியையும் நிருவகித்து முடித்தவர். வகுப்பைக் கொண்டு வயதைக் கணக்கிடும் வழக்கத்தின்படி அவரும் இருபத்திரண்டு வயதினராதல் வேண்டும். 1945 முதல் 1949 வரை அங்குக் கற்று முதுகலைப் பட்டமும், அதன்மேல் ஆய்வுக்குரிய எம். லிட். பட்டமும் பெற்றார். இவ்வாண்டுகளை மட்டும் ஏட்டிற் கண்டு, வழக்கமாக மாணவர் இவற்றைப் பெறும் வயதைக் கொண்டு பின்னோக்கிக் கணித்தால், அடிகளார் 1925ஆம் ஆண்டளவிலே பிறந்தவர் என்ற முடிவே கிடைக்கும். உண்மையிலோ அவர் அதற்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர். தமிழ்க் கல்வியின் கணக்கு அவர் வாழ்விலிருந்து பன்னிரண்டாண்டைக் கழித்துவிட்டது.

கழிந்த அவ்வாண்டுகள் வீணாயினவோ? இல்லை என்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட ஆய்வே சான்று. சங்கச் செய்யுட்களில் இயற்கை எவ்வாறு அமைகின்றது என்பதே அவ்வாய்வின் பொருள். குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் ஐந்திணைப் பகுப்பை எமது முன்னோர் உரைகள் நன்கு விளக்கியுள்ளன. ஆயின் உலகத்தின் ஏனைய பழைய இலக்கியங்களிலே மலையும் கடலும் எவ்வாறு பாடப்பட்டன, அவற்றோடு ஒப்பிடும்போது மாந்தர் உணர்வையும் நிலத்தையும் ஒன்றோடொன்று பிணைத்த தமிழ் முறையின் தனிச்சிறப்பு யாது என்பதை எடுத்துக்காட்ட, பிறமொழி இலக்கியங்களை அவ்வம் மொழியிலே கற்றவர் ஒருவர் வேண்டும். இருபத்திரண்டு வயது மாணவரிடம் அதனை எதிர்பார்க்கலாகாது. உரோமையிற் கழித்த ஆண்டுகள் அண்ணாமலையிலே பயன்தந்தன. தமிழுக்கு அவர் காலந்தாழ்த்து வந்தார், வெறுங்கையோடு வரவில்லை. அவ்வாய்வு ஆங்கிலத்தில் நூலாகி, பின்னர் 1966இல் திருத்திய பதிப்பாகவும் வெளிவந்து, சங்க இலக்கியத்தைப் பிறநாட்டார்க்கு அறிமுகஞ்செய்த நூல்களுள் ஒன்றாயிற்று.

அவர் பெயரும் அவரினும் இளையதே. பிறந்தபோது இட்ட பெயர் சேவியர். தந்தை பெயரையொட்டி ஸ்தனிஸ்லாஸ் என்றும் வழங்கப்பட்டார். தனிநாயகம் என்பது பின்னர்த் தாமே ஏற்றுக்கொண்ட பெயர். நெடுந்தீவிலே குடியேறிய தலைவராக யாழ்ப்பாண வைபவமாலை குறிப்பிடும் தனிநாயக முதலியின் வழியினர் தாம் என்னும் குடும்ப மரபை உட்கொண்டு, அம்முன்னோர் பெயரை அவர் சூடிக்கொண்டார். முன்னோரைப் பொறுத்தமட்டில் நூற்றாண்டுகள் பழைய பெயர். அவரைப் பொறுத்தமட்டில் புதிய பெயர். வளர்ந்த பின் மொழியைக் கற்று, வளர்ந்த பின் பெயரையும் ஏற்றமையால், எம்மில் எவரும் பிறப்பாற் பெறும் செல்வங்களை அவர் உழைப்பாற் பெற்றவராகிறார். பிறப்பாற் பெற்றதை நாம் மதியாதிருத்தலும், உழைப்பாற் பெற்றதை அவர் உயிரெனப் போற்றியதும் வியப்பன்று.

கற்றதைத் தம்மளவில் வைத்திருக்க அவர் உடன்பட்டிலர். 1948இல் தூத்துக்குடியிலே தமிழ் இலக்கியக் கழகத்தை நிறுவினார். 1949 முதல் மலாயா, யப்பான், அமெரிக்கா முதலிய நாடுகளுக்குச் சென்று தமிழ் இலக்கியமும் பண்பாடும் பற்றிச் சொற்பொழிவாற்றினார். அச்சுற்றுலாக்களிலே அவர் கண்டறிந்த உண்மை கசப்பானது. இந்தியா என்றால் சமஸ்கிருதம் என்று மட்டும் அறிந்திருந்த பேரறிஞர் பலர், தமிழ் என்றொரு செம்மொழி உண்டென்பதையே கேள்விப்பட்டிலர். தமிழர் தம் பெருமையைத் தமிழிலே தமக்குள் பேசி மகிழ்ந்திருந்தனர். வெளியார் காதில் அது விழவில்லை. இக்குறையை நீக்கவே, தமிழ்ப் பண்பாடு எனப் பொருள்படும் பெயரோடு ஆங்கிலக் காலாண்டிதழ் ஒன்றை 1952இல் தொடங்கினார். 1966 வரை வெளிவந்த அவ்விதழிலே கீழைநாட்டாரும் மேலைநாட்டாரும் எழுதினர். தமிழ்த் தூது என்னும் அவர்தம் தமிழ் நூலும் 1952இல் வெளிவந்தது. தமிழ் கற்கத் தொடங்கிப் பன்னிரண்டே ஆண்டுகள் சென்றிருந்தன. வேறொருவராயின் அப்பொழுதுதான் தம்மைத் தமிழறிஞரென்று சொல்லிக்கொள்ளத் துணிந்திருப்பர்.

அதே 1952இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலே விரிவுரையாளரானார். தமிழ்த் துறையிலன்று, கல்வித் துறையிலேயே அவருக்கு இடங் கிடைத்தது. பிறர் பேராசிரியர் பதவியை நோக்கி நடக்கும் 39ஆம் வயதிலே அவர் விரிவுரையாளராகப் பதவி தொடங்கினார். இங்கும் ஓர் ஒப்பீடு பொருத்தமாகும். அக்காலத்திலே அப்பல்கலைக்கழகத் தமிழ்த் துறையில் விளங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1924இல் தெல்லிப்பழையிற் பிறந்தவர். 1950இலேயே இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். அவருக்குப் பதினொரு வயது மூத்தவராகிய அடிகளார், தமது இரண்டாவது கலாநிதிப் பட்டத்துக்காக இலண்டனுக்குச் சென்றது 1955இல்; பண்டைத் தமிழர் கல்விச் சிந்தனை பற்றிய ஆய்வை முடித்தது 1957இல். பட்டத்தின் ஆண்டை நோக்கின் அடிகளார் இளையவர். பிறந்த ஆண்டை நோக்கின் வித்தியானந்தன் இளையவர். இத்தகைய நிலை மூத்தவர் உள்ளத்திலே புழுக்கத்தை விளைவித்தல் இயல்பு. இவர்களிடையே அது விளையவில்லை. பின்னாளில் யாழ்ப்பாணத்து மாநாட்டின்போது இருவரும் ஒரே பணிக்குத் தோள்கொடுத்து நின்றமை இதனை மெய்ப்பிக்கும்.

ஒருவர் கலாநிதியான பின்னர் மீண்டும் மாணவராகி மீண்டும் கலாநிதியாவது உலகில் அரிது. 43 வயதில், பல்கலைக்கழக ஆசிரியராய் இருந்துகொண்டே, மேற்பார்வையாளர் ஒருவரின் திருத்தங்களுக்குத் தம் எழுத்தை உட்படுத்திய பணிவை நாம் எண்ணிப்பார்த்தல் வேண்டும். எம்மில் ஒரு கட்டுரையைப் பிறர் திருத்தினாலே முகம் சுருங்குவோர் உளர்.

ஐரோப்பிய நூலகங்களிலே அவர் செய்த தேடலும் இக்காலத்தது. தமிழ் அச்சுக்கலையின் வரலாற்றை எழுதுவோர் இன்றும் அவரை மறத்தல் இயலாது. உரோமன் எழுத்திலே தமிழை அமைத்து 1554இல் லிஸ்பனிலே அச்சிடப்பட்ட கிறித்தவ வினாவிடை நூலையும், தமிழெழுத்திலேயே 1578இல் கொல்லத்திலே அச்சான தம்பிரான் வணக்கம் என்னும் சிறுநூலையும் பற்றி அவர் எழுதிய கட்டுரைகள் அறிஞருலகத்தின் கவனத்தை ஈர்த்தன. அந்தம் டி புரோயென்சா என்னும் பாதிரியார் தொகுத்து 1679இல் அம்பலக்காட்டிலே அச்சான தமிழ்–போர்த்துக்கீச அகராதியை வத்திக்கான் நூலகத்திற் கண்டு, 1966இல் கோலாலம்பூரிலே அதன் உருப்படியை மீண்டும் பதிப்பித்தார். தாய்லாந்து அரசவையிலே பிராமணர் ஓதிவந்த திருவெம்பாவையைப் பற்றி ஆர்வத்தோடு எழுதியோருள்ளும் அவர் ஒருவர். மாணிக்கவாசகர் வாக்குக் கடல்கடந்து சயாமிலே ஒலித்ததை எமக்கு நினைவூட்ட ஒரு கத்தோலிக்கத் துறவி வேண்டியிருந்தது என்பதைச் சைவராகிய நாம் நன்றியோடு ஒப்புக்கொள்வோம்.

1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்தியவியல் துறைக்குத் தலைமைப் பேராசிரியராகச் சென்றார். 48 வயதிலேதான் அவர் வயதுக்கும் பதவிக்கும் பொருத்தம் உண்டாயிற்று எனலாம். ஆனால் அவருடைய தோழமை அப்பொழுதும் இளையாரோடேயே இருந்தது. 1964ஆம் ஆண்டு ஜனவரியிலே புதுதில்லியில் கீழைத்தேய ஆய்வாளரின் அனைத்துலக மாநாடு கூடியது. அங்கு வந்திருந்த தமிழாய்வாளரைத் தனியே ஓரிடத்தில் கூட்டி உலகத் தமிழாராய்ச்சி மன்றம் 7ஆம் நாள் அமைக்கப்பட்டது. பேராசிரியர் வ. அய். சுப்பிரமணியம் அதற்கு முன்னின்று உழைத்தார். பிரான்சு நாட்டு அறிஞர் ழான் பிலியோசா தலைவராயினார். அடிகளாரும் செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலெபிலும் செயலாளராயினர். சுப்பிரமணியம் 1926இல் பிறந்தவர். சுவெலெபில் 1927இல் பிறந்தவர். 50 வயதினராகிய அடிகளார், தம்மினும் பதினான்கு வயது இளைய ஒருவரோடு ஒரே பதவியைப் பகிர்ந்துகொண்டார். மூத்தவர் என்ற முறையிலே மேலிடத்தை வேண்டினாரல்லர்.

மன்றத்தின் முதல் மாநாடு 1966ஆம் ஆண்டு ஏப்பிரலில் கோலாலம்பூரிலே நடந்தது. மலேசியப் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் தொடக்கிவைத்தார். இரண்டாவது மாநாடு 1968 ஜனவரியிலே சென்னையிலும், மூன்றாவது 1970 ஜூலையிலே பாரிசிலும் கூடின. தமிழாய்வு என்பது தமிழகத்துப் புலவர் மன்றங்களுக்குள் அடங்கியது என்ற எண்ணம் இம்மாநாடுகளால் மாறியது. ஆண்டுதோறும் தனித்தனியே உழைத்த அறிஞர் ஒருவரையொருவர் முகம் பார்த்துப் பேசும் வாய்ப்பைப் பெற்றனர்.

நான்காவது மாநாடு 1974 ஜனவரியிலே யாழ்ப்பாணத்திலே நடைபெற்றது. கொழும்பிலே நடத்த வேண்டுமென்ற வற்புறுத்தல்களுக்கிடையே, வித்தியானந்தன் தலைமையிலே இலங்கைக் கிளை அதனை யாழ்ப்பாணத்திலே நடத்தியது. 1969இல் மலாயாவை விட்டு நீங்கியிருந்த அடிகளாருக்கு இது பிறந்த மண்ணிலே கண்ட நிறைவு. தாம் தொடங்கிய தேர் தம் வீட்டு வாயிலுக்கே வந்து நின்றதுபோன்ற மகிழ்ச்சி. அம்மகிழ்ச்சி நிலைக்கவில்லை. ஜனவரி 10ஆம் நாள் மாலை நடந்த பொதுக்கூட்டத்தைப் பொலிசார் கலைக்க முற்பட்டபோது மூண்ட குழப்பத்திலே ஒன்பது உயிர்கள் மாண்டன. அறிவுக்கு எடுத்த விழா அழுகையில் முடிந்தது. அதுவரை வயதுக்கு மிஞ்சிய இளமையோடு உலகஞ்சுற்றிய அடிகளாருக்கு 60 வயது. அவருள் முதுமை குடிபுகுந்தது அன்றிரவே என்று எண்ண எமது உள்ளம் தூண்டுகின்றது.

எஞ்சிய ஆண்டுகளை யாழ்ப்பாணத்திலே கழித்த அடிகளார், 1980ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 1ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். வயது 67. அடுத்த நான்கு மாதங்களில், 1981 ஜனவரியிலே, ஐந்தாவது மாநாடு மதுரையிலே கூடியது. அதனைக் காண அவர் இல்லை.

பெரியாரைப் போற்றும்போது குறையை மறைத்தல் நேர்மையன்று. அடிகளார் பெருநூல்கள் பலவற்றை எழுதினாரல்லர். அவருடைய ஆற்றலின் பெரும்பகுதி கழகம் அமைத்தலிலும், இதழ் நடத்தலிலும், மாநாடு கூட்டலிலும் செலவாயிற்று. இலக்கண நுட்பங்களிலே இளமைமுதல் ஊறிய வித்துவான்களோடு அவரை ஒப்பிடின் அவர் பின்னிற்பர். எழுதியவற்றுட் பெரும்பகுதி ஆங்கிலத்தில் அமைந்தமையால் எம்மூர்ப் பொதுமக்கள் அவற்றை எட்டுதல் அரிதாயிற்று. முப்பதை அண்மித்துத் தொடங்கிய ஒருவருக்கு இவை நேர்தல் இயல்பே. காலந்தாழ்த்தலுக்கு விலை உண்டு. அதனை அவரும் கொடுத்தார். ஆயினும் இளமைமுதல் ஊறிய வித்துவான்கள் செய்யாத ஒன்றை, செய்யவேண்டுமென்று நினையாத ஒன்றை, அவர் செய்தார். தமிழைக் கண்கண்ட செல்வமாகக் கொண்டு பழகியவர்க்கு அது உலகுக்குத் தெரியாதென்பது தோன்றவில்லை. வெளியிலிருந்து வந்து அதனைக் கண்டெடுத்தவருக்கே அது தோன்றியது. தாமதமாய் வந்தவரின் கண் வியப்பை இழப்பதில்லை.

பழைய மாணவ நண்பர்களே, எம்மிற் சிலர் நாற்பதைக் கடந்துவிட்டோம்; சிலர் அறுபதைக் கடந்துவிட்டோம். கல்லூரி வாயிலைக் கடந்து வெளியேறிய நாளிலே கல்வியும் முடிந்ததென்று எண்ணியிருப்போர் எம்மில் இல்லாமலில்லை. இனி ஒரு மொழியைத் தொடங்குவதா, இனி ஒரு பரீட்சைக்கு அமர்வதா, எம்பிள்ளைகளின் வயதினர் பக்கத்திலே இருந்து பாடங்கேட்பதா என்று தயங்கும்போது, வடக்கன்குளத்துப் பண்டிதர் முன்னே ஏட்டை விரித்து அமர்ந்த கரம்பொன் மைந்தரை நினைவிற் கொள்வோமாக. அருகிருப்போர் எம்மை இளையவரென்று மயங்கின் மயங்குக. அம்மயக்கம் எமக்கு இழிவன்று. நாம் இன்னும் கற்கின்றோம் என்பதற்கு அதனினும் நல்ல சான்று வேறில்லை.